ஆமை நடை பிறந்த கதை

காலிப்பூர் கடற்கரையில் மணல் கறுப்பு. நிலா இல்லாத இரவில் கரை எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்பது கால் நனைந்த பிறகுதான் தெரியும். வடக்கு அந்தமானில் டிக்லிப்பூரைத் தாண்டி இருபது கிலோமீட்டர் போனால் வரும் ஊர் இது. பகலில் தெற்கே பார்த்தால் சாடில் பீக் மலை தெரியும். 732 மீட்டர், அந்தமானிலேயே உயரமானது. இரவில் அந்த மலையும் காணாமல் போய்விடுகிறது. அலைச் சத்தம், மணல் ஈக்கடி, முன்னால் நடப்பவரின் முதுகு, இவ்வளவுதான் உலகம்.

ஒரு ஜனவரி இரவில் ஒன்பது பேர் அங்கே வரிசையாக நின்றோம். வனத்துறைக் காவலர் எங்களுக்கு இந்தியில் விதிகளைச் சொன்னார். டார்ச் கூடாது. பேச்சு கூடாது. ஈர மணலை ஒட்டி ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். நான் உட்கார்ந்தால் நீங்களும் உட்கார வேண்டும். ஆமை முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் கிட்டே போகலாம், அதுவும் பின்பக்கமாக. முகத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. அவர் கையில் மட்டும் ஒரு டார்ச். அதன் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

ஒரு மணி நேரம் நடந்திருப்போம். காவலர் சட்டென்று உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். அலை விளிம்பிலிருந்து ஒரு கரிய மேடு மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. நாலு தப்படி, ஒரு பெருமூச்சு, மறுபடி நாலு தப்படி. அந்த நேரத்தில்தான் யாருடைய சட்டைப் பையிலோ கைபேசி விழித்துக்கொண்டு வெள்ளையாக ஒளிர்ந்தது. ஆமை நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அரைவட்டம் அடித்து, வந்த வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் கடலுக்குத் திரும்பிவிட்டது. மணலில் ஒரு வளைந்த தடம் மட்டும் மிச்சம். காவலர் யாரையும் திட்டவில்லை. "நாளைக்கு வருவாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

அந்தக் கைபேசி என்னுடையது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பட்ட வெட்கத்தில் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. இந்த விதிகளை முதலில் போட்டது யார்? இரவில் கடலோரமாகக் கூட்டமாக நடந்துபோய் ஓர் ஆமைக்காகக் காத்திருக்கும் இந்த வழக்கம் எங்கே பிறந்தது? ஊருக்குத் திரும்பித் தேடிப் பார்த்தால், விடை என் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருந்தது.

ஆமை நமக்கு அந்நியமில்லை. அகநானூற்றுப் பாடல் ஒன்றில் அது வருகிறது. நெய்தல் நிலத்து மணலில் ஆமை முட்டையை மறைத்துப் புதைத்து வைக்கிறது. குஞ்சு வெளிவரும்வரை அதன் கணவன் காவல் காக்கிறது. புதைப்பதைப் புலவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கணவன் காவலை மட்டும் கற்பனையில் சேர்த்திருக்கிறார். ஆண் கடலாமை முட்டைக்காகக் கரையேறுவதில்லை. மணலிலிருந்து கடலுக்குள் ஓடிய நாளோடு அநேகமாகக் கரையோடு அதற்குக் கணக்கு முடிந்தது. பெண்ணும் முட்டையை மூடிவிட்டுப் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை.

மீனவர்கள் வைத்த பெயர்கள் புலவர்களைவிடத் துல்லியம். பங்குனியை ஒட்டிக் கரைக்கு வருவதால் பங்குனி ஆமை. ஆலிவ் ரிட்லி என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான். முதுகில் ஏழு வரம்பு ஓடுவதால் ஏழுவரி ஆமை, தோணி அளவுக்கு இருப்பதால் அதுவே தோணியாமை. பச்சைக் கடலாமை பேராமை. ஓட்டுக்காகவே வேட்டையாடப்பட்டது அழுங்காமை. இந்த நான்குமே அந்தமான் நிக்கோபாரில் கரையேறுகின்றன. நான்கும் காலிப்பூரிலேயே முட்டையிடுவதாகச் சொல்கிறார்கள். உலகத்திலேயே இங்கே மட்டும்தான் என்று உற்சாகமாகச் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. அந்தப் பட்டத்தை அவர்களிடமே விட்டுவிடலாம்.

பெயர் வைத்த அதே ஊர் ஆமையைத் தின்றும் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் பேராமையைக் கவிழ்த்துப் போட்டு அறுத்து, மருந்து என்று அதன் இரத்தத்தைக் குடிப்பவர்கள் இருந்தார்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காது என்று பழமொழி வேறு. அது ஆமை இல்லை, ஆம்பி, அதாவது காளான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எதுவாக இருந்தாலும் 1970-கள் வரை ஆமையைத் தேடி இரவில் கடற்கரைக்குப் போனவர்கள் ஒரே காரணத்துக்காகத்தான் போனார்கள். முட்டை எடுக்க.

அவர்களுடைய தொழில்நுணுக்கத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. இருட்டில் தடத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆமை ஏறிப்போன வழி எது, இறங்கி வந்த வழி எது என்று பிரித்துவிடுவார்கள். கூட்டை மூடிய பிறகு ஆமை சுற்றிலும் மணலை வாரியடித்துக் கலைத்துவிடும். எங்கே முட்டை என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோலை எடுத்து மெல்ல அழுத்திக்கொண்டே வர வேண்டும். கெட்டியாக எதிர்த்துக்கொண்டே வரும் மணல் ஓரிடத்தில் சட்டென்று இளகும். அங்கேதான், ஒன்றரை அடி ஆழத்தில், நூறுக்கு மேல் முட்டை இருக்கும்.

ஆமை நடை என்று இன்று சொல்கிறோமே, அது இவர்களோடு போட்டி போட்டுப் பிறந்தது. ரோமுலஸ் விட்டேக்கரின் சென்னைப் பாம்புப் பண்ணை 1972-இல் கிண்டிக்கு வந்தது. அதைச் சுற்றிச் சில இளைஞர்கள் சேர்ந்தார்கள். பாம்பு, முதலை என்று அலைந்தவர்களுக்குச் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் பங்குனி ஆமைகள் ஏறுவதும், ஏறிய ராத்திரியே முட்டை போய்விடுவதும் தெரியவந்தது. ஈ.சி.ஆர். சாலையின் பளபளப்பு அப்போது இல்லை. சவுக்குத் தோப்பு, மீனவர் குப்பம், மறுபடி சவுக்குத் தோப்பு. ஆள் எடுத்தது போக மிச்சத்தை நாயும் நரியும் தோண்டின. அவர்கள் எடுப்பதற்கு முன்னால் நாம் எடுத்துவிட்டால் என்ன? எடுத்து, வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டால்? 1970-களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் நடை தொடங்கியது இப்படித்தான். வள்ளியப்பனும் விட்டேக்கரும் சோழமண்டலக் கரையின் பங்குனி ஆமைகளைப் பற்றி எழுதியதும் அந்தக் காலத்தில்தான்.

ஏன் இரவிலேயே நடக்க வேண்டும், விடிந்ததும் போய் எடுத்தால் ஆகாதா என்று நானும் கேட்டேன். ஆகாது. விடியும்வரை முட்டை அங்கே இருக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று முட்டைக்குள்ளேயே இருக்கிறது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். கோழி முட்டை போல உருட்டி விளையாட முடியாது. எனவே ஆமை மூடிவிட்டுப் போன சூட்டோடு எடுத்து, மேல்பக்கம் மேலாகவே இருக்கும்படி கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். இதற்கு ராத்திரி முழுக்கக் கடலோரத்தில் கால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

காவலர் சொன்ன விதிகள் ஒவ்வொன்றும் இந்த வேலையோடு வந்தவை. வெள்ளை வெளிச்சத்தைக் கண்டால் ஆமை திரும்பிவிடும், முட்டை கிடைக்காது. அதனால் வெளிச்சம் கூடாது. சிவப்பு ஒளி அதன் கண்ணை அவ்வளவாக உறுத்துவதில்லை. அதனால் சிவப்புத் தாள். ஏறும்போது ஆமை மிரளும், குழி தோண்டும்போதும் மிரளும். முட்டை விழத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் நிறுத்தாது, சாமி வந்ததுபோல் இருக்கும். அதனால் அதுவரை காத்திருக்க வேண்டும். ஈர மணலை ஒட்டி நடந்தால்தான் கடலிலிருந்து ஏறும் தடம் காலில் தட்டுப்படும். சுற்றுலாப் பயணிகளுக்காக இவற்றில் எதையும் யாரும் யோசித்து வைக்கவில்லை.

பிறகு இந்த வேலை கை மாறியது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கொஞ்ச காலம் பொரிப்பகம் நடத்தியது. 1980-களில் வனத்துறை நடத்தியது. அதுவும் நின்றபோது, 1988-இல் மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினார்கள். பின்னாளில் இந்தியாவின் முக்கியமான ஆமை ஆய்வாளர்களில் ஒருவராகிய கார்த்திக் சங்கர் அந்த மாணவர்களில் ஒருவர். அலுவலகம் இல்லை, சம்பளம் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை தினமும் இரவு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஏழு கிலோமீட்டர் நடை. கூட வருகிறேன் என்றவர்களைத் தடுக்கவில்லை. பார்வையாளர்களுக்கென்று வாரக் கடைசி இரவுகள் ஒதுக்கப்பட்டன. முட்டை எடுக்கப் போன நடை ஆமை பார்க்கும் நடையாக மாறியது அங்கே. இன்றும் அந்த நடைக்குப் போனால் ஆமை வராமலும் போகலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போவார்கள். வந்தால் அதிர்ஷ்டம்.

வேறு தேசங்களில் இதே பழக்கம் வேறு விதமாகவும் பிறந்திருக்கிறது. கோஸ்டா ரிக்காவின் டோர்ட்டுகேரோவில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்கர் 1950-களில் ஆமைகளுக்கு அடையாளத் தகடு மாட்டத் தொடங்கினார். அங்கேயும் ஆய்வுக்குப் பின்னால்தான் பயணிகள் வந்தார்கள். மலேசியாவின் ரந்தாவ் அபாங்கில் கூட்டம் முந்திக்கொண்டது. திரெங்கானு மாநிலத்து அந்தக் கரையில் 1950-களில் ஏழுவரி ஆமைகள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் கூடு வைத்தன. செய்தி பரவியதும் கார் கட்டிக்கொண்டு ஜனம் வந்தது. நெருப்பு மூட்டினார்கள், ஃபிளாஷ் அடித்தார்கள், ஆமை முதுகில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். பெரிய சேதம் முட்டை எடுத்ததிலும் கடலில் வலையிலும்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பயணிகள்மீது அநியாயமாகப் பழி போடுவதாகிவிடும். அங்கே பொரிப்பகமும் இருந்தது. ஆனால் மணல் சூடாக இருந்ததால் பொரித்தவை ஏறக்குறைய எல்லாமே பெண் குஞ்சுகள். ஆமைக்கு ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டில் தீர்மானமாகிறது. குளிர்ந்தால் ஆண், சூடேறினால் பெண். 2000-க்குப் பிறகு ரந்தாவ் அபாங்குக்கு வந்த ஏழுவரி ஆமைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தமானுக்கு வருவோம். சென்னையில் நடந்து பழகிய ஒருவர்தான் அங்கே போனார். ஆனால் அவர் தனியாகப் போனார்.

சதீஷ் பாஸ்கர் கேரளத்துச் செறாயிக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் சேர்ந்தவர், வகுப்பறையைவிடக் கடலில் அதிகம் இருந்தவர், படிப்பை முடிக்கவில்லை. பாம்புப் பண்ணைக்கு வந்து சேர்ந்தவரை ஆமை பிடித்துக்கொண்டது. இந்தியக் கடற்கரை நெடுக எங்கெங்கே எந்த ஆமை ஏறுகிறது என்று அன்று யாருக்கும் முழுக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, நடந்து பார்ப்பது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அவர் நடந்தது நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள்.

அவர் கதையில் எல்லோரும் சொல்வது புட்டிக் கடிதம். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் சுஹேலி என்ற ஆளில்லாத் தீவில் பேராமைகளை ஆராய அவர் தன்னந்தனியாக ஐந்து மாதம் தங்கினார். மழை பிடித்துவிட்டால் படகு வராது, போனவர் போனவர்தான். மனைவிக்குக் கடிதம் எழுதி, புட்டியில் அடைத்து, கடலில் போட்டார். இருபத்துநாலு நாளில் அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அவர் தம் கடிதம் ஒன்றையும் சேர்த்துத் தபாலில் போட்டுவிட்டார். தபால் துறையைவிடக் கடல் நம்பகமாக இருந்த காலம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் வீட்டில் கைக்குழந்தையோடு காத்திருந்தவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

1978 முதல் அவர் அந்தமான் நிக்கோபாருக்குப் போகத் தொடங்கினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகள், பெரும்பாலானவை ஆளே இல்லாதவை. சென்னை நடை ராத்திரி நடை. இவருடையது பெரும்பாலும் பகல் நடை. ஆமையைப் பார்க்காமலேயே தடத்தை வைத்துக் கணக்கு எழுதுவார். பங்குனி ஆமையும் அழுங்காமையும் கைகளை மாற்றி மாற்றி வைத்து ஊர்வதால் தடம் கோணலாக, ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும். பேராமையும் ஏழுவரி ஆமையும் இரு கையையும் ஒருசேர வீசுவதால் தடம் இரு பக்கமும் ஒரே மாதிரி விழும். ஏழுவரி ஆமையின் தடம் இரண்டு மீட்டர் அகலம்கூட இருக்கும். டிராக்டர் ஏறி இறங்கியது போல. அப்படித் தடங்கள் விழுந்து கிடந்த கரை ஒன்று கிரேட் நிக்கோபாரின் தெற்கே, கலாத்தியா ஆற்று முகத்தில் இருந்தது. வட இந்தியப் பெருங்கடலில் ஏழுவரி ஆமைக்கு எஞ்சியிருக்கும் மிக முக்கியமான கரைகளில் ஒன்று அது என்று உலகுக்குத் தெரிந்தது அவர் நடந்ததால்தான்.

1990-களில் சவுத் ரீஃப் என்ற துண்டுத் தீவில் அழுங்காமைகளுக்காகத் தங்கினார். அடுத்திருந்தது இண்டர்வியூ தீவு. மரம் வெட்டும் கம்பெனி ஒன்று தொழிலை விட்டபோது அங்கே விட்டுப்போன யானைகள் காட்டுயானைகளாகிப் பெருகிய தீவு அது. யானையும் ஆமையுமாக அப்படி ஒரு அண்டைவீடு. 2010-இல் கோவாவில் நடந்த உலகக் கடலாமை மாநாட்டில் அவருக்கு விருது கொடுத்தார்கள். 2023-இல் இறந்தார். அவரைப் பற்றி 'டர்டில் வாக்கர்' என்ற ஆவணப்படம் 2024-இல் வந்தது. ஆமைக்காரர்களிடையே பெரிய பெயர். சென்னைத் தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேருக்கும் தெரியாது.

அவர் போட்ட பாதையில் மற்றவர்கள் வந்தார்கள். சென்னை முதலைப் பண்ணையின் கிளையாக 1990 வாக்கில் தெற்கு அந்தமானின் வண்டூரில் சுற்றுச்சூழல் ஆய்வு நிலையம் ஒன்று எழுந்தது. அங்கே களப்பணியின் முதுகெலும்பு மாயாபந்தர் பக்கத்து கரேன்கள். 1920-களில் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப் பிள்ளைகள். படகு, காடு, நீச்சல், சமையல் எல்லாம் கைவந்தவர்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தலைப்பில் பெயர் வராது. அவர்கள் இல்லாமல் ஒரு கட்டுரையும் வந்திருக்காது.

வனத்துறை ரங்கத் அருகே கத்பர்ட் பே, மாயாபந்தரில் கர்மாட்டாங், டிக்லிப்பூரில் ராம்நகர், காலிப்பூர் என்று கரைகளில் காவல் போட்டு, பொரிப்பகம் அமைத்தது. இங்கே முட்டைக்கு முதல் எதிரி குடியேறிகளோடு வந்த நாய். தீவுகளில் நாயே இல்லாத காலத்தில் ஆமை பழகிய கரை இது. நாய் தோண்டுவதற்கு முன்னால் காவலர் போக வேண்டும். சென்னைப் போட்டியே பெயர் மாறி இங்கே வந்துவிட்டது. காவலர் எப்படியும் ராத்திரி நடக்கிறார். நெடுஞ்சாலை வழியாகப் பயணிகள் வருகிறார்கள். அவர் பின்னால் நாலு பேர் போனால் என்ன? காலிப்பூரின் ஆமைச் சுற்றுலா இப்படித்தான் உண்டானது. மேடை, நாற்காலி, ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. ஒரு மனிதரின் ராத்திரி வேலைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறோம். இந்தச் சுற்றுலாவில் எனக்குப் பிடித்ததும் இதுதான். கெடப்போகிறது என்றால் இந்த இடத்தில்தான் கெடும். நாலு பேர் நாற்பது பேராகி, காவலர் அவர்களுக்காக ஆமை தேட ஆரம்பித்தால் ரந்தாவ் அபாங்குக்கு வழி திறந்துவிடும்.

கலாத்தியாவின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1997-இல் அது ஏழுவரி ஆமைகளுக்கான சரணாலயமானது. ஆய்வாளர்கள் கரையிலேயே முகாம் போட்டு இரவிரவாக எண்ணினார்கள். நிலநடுக்கமும் சுனாமியும் வந்த 2004 டிசம்பர் 26 காலை அந்த முகாமில் இருந்தவர்கள் சிலர் திரும்பவில்லை. தீவின் தென்முனை நாலு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது, கரை போய்விட்டது. சில ஆண்டுகளில் கடலே மணலைத் திரும்பக் கொண்டுவந்து போட்டது. ஆமைகளும் திரும்பி வந்தன. ஆய்வாளர்கள் 2008 முதல் லிட்டில் அந்தமானில் கணக்கெடுப்பைத் தொடர்ந்தார்கள். 2011 முதல் அங்கே பத்து ஏழுவரி ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பினார்கள். சில ஆஸ்திரேலியா திசையில் போயின. ஒன்று ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கம் போனது. பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அதே கலாத்தியாவின் சரணாலயத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. அங்கே சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் வரப்போகிறது, சுமார் 72,000 கோடி ரூபாய் மதிப்பிட்ட பெருந்திட்டத்தின் ஒரு பகுதியாக. கடலே அழித்துக் கடலே திருப்பிக் கொடுத்த கரை அது. கான்கிரீட் போட்டால் திரும்பக் கிடைக்காது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

காலிப்பூரில் நான் இன்னோர் இரவும் தங்கினேன். கைபேசியை அணைத்து அறையில் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன். காவலர் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு மேல் ஒரு பங்குனி ஆமை ஏறியது. அடும்பங்கொடி தொடங்கும் இடம்வரை போய், முன்கைகளால் மணலை வாரித் தள்ளி உடம்புக்கு ஒரு பள்ளம் செய்துகொண்டது. பிறகு பின்காலால் குழி தோண்டத் தொடங்கியது. அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. பின்கால் ஒன்று அகப்பைபோல் மடங்கிக் குழிக்குள் இறங்கும், ஒரு பிடி மணலை அள்ளி மேலே கொண்டுவந்து பக்கத்தில் மெல்ல வைக்கும். உடனே மறுகால், தன் பக்கத்து மணலை முன்னோக்கி உதறிவிட்டு இறங்கும். வலது, இடது, வலது, இடது. ஒரு துளி மணல் உள்ளே சரியாது. ஆமை அந்தக் குழியை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. கால் எட்டாத ஆழம் வந்ததும் நின்றது.

காவலர் கை காட்டினார். பின்பக்கமாகத் தவழ்ந்து போனோம். சிவப்பு வெளிச்சத்தில் முட்டைகள் இரண்டு மூன்றாக விழுந்தன, வெள்ளையாக, ஈரமாக, பிங்பாங் பந்து அளவில். கண்ணிலிருந்து நீர் கோடாக வழிந்தது. அழுகிறது என்றார் பக்கத்தில் இருந்த அம்மா மெல்லிய குரலில், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. உடம்பில் சேரும் உப்பை ஆமை கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது, கடலுக்குள்ளும் அப்படித்தான். அதை அந்த நேரத்தில் அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூடும்போதுதான் சிரிப்பு வந்தது. மணலைத் தள்ளி மூடிவிட்டு, அது உடம்பைத் தூக்கித் தூக்கி இடமும் வலமுமாகத் தரையில் மொத்தியது. தட், தட் என்று காலடியில் அதிர்ந்தது. பங்குனி ஆமை மணலைக் கெட்டிப்படுத்தும் முறை அது. பிறகு சுற்றிலும் மணலை வாரியடித்துவிட்டு, அதே நாலு தப்படி ஒரு பெருமூச்சில் இறங்கிக் கடலில் மறைந்தது. ஏறியதிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அதன் பிறகு காவலருடைய வேலை. முழங்காலிட்டுக் கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார், புரட்டாமல், வாய்க்குள் எண்ணிக்கொண்டே. நூற்றுப் பன்னிரண்டு. பொரிப்பகத்து வேலிக்குள் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய பலகையைக் குத்தினார். நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் ஆகும். ஆயிரம் குஞ்சில் ஒன்று பெரிய ஆமையாகும் என்று உத்தேசமாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் அவருடைய ஒரு ராத்திரி உழைப்புக்கு ஆமையில் ஒன்பதில் ஒரு பங்குதான் கூலி. அவர் கையைத் தட்டிவிட்டு மறுபடி கரைக்கு நடந்தார். விடிய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்ட் பிளேருக்கு, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, விமானத்தில் போய், அங்கிருந்து காட்டுவழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கி காலிப்பூருக்குப் போவது நல்ல பயணம்தான். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். ஆனால் அதற்கு முன்னால், ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஒரு வாரக் கடைசி இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மாணவர்களோடு ஒருமுறை நடந்துவிடுங்கள். இது பிறந்த இடம் அது. உயிருள்ள ஆமைக்குப் பதில் செத்ததைப் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடுவது. இழுவலைக்குள் சிக்கினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அதை யாராவது அமல்படுத்துங்கள் என்று கேட்பதற்காவது அந்தக் கரையில் நடக்கலாம்.

கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.